அந்தரத்தில் ஒரு வீடு

பத்துக்குப் பன்னிரண்டு: மலையகத்துக் கூரைகளின் கதை
அத்தியாயம் 11

டெவன் தோட்டத்தில் துப்பாக்கி வெடித்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். 1977 மே 11. விழுந்தவர் சிவனு லெட்சுமணன்.

நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியை வெளியாருக்குப் பகிர்ந்து கொடுப்பது அன்றைய அரசாங்கத்தின் எண்ணம். அந்தக் காணியிலேயே பிறந்து, அதிலேயே கொழுந்து பறித்து, அதிலேயே புதைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் பகிர்வுப் பட்டியலில் இல்லை. தடுத்தார்கள். பொலிஸ் சுட்டது. அந்த ஒரு உயிருக்குப் பிறகுதான் பகிர்வு நின்றது.

அந்த 7,000 ஏக்கரை வாசகர்கள் மறந்துவிட வேண்டாம். ஏனென்றால் இந்த வாரக் கதையில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழப்போகிறது: “தோட்டத்தில் வீடு கட்ட நிலம் இல்லை.”

இந்தப் பேச்சைச் சோதித்துப் பார்க்க டெவனிலிருந்து கொஞ்சம் கீழே இறங்குவோம், பொல்பிட்டியவுக்கு.

*

கித்துல்கலவுக்கும் கினிகத்தேனைக்கும் பக்கத்தில், மலை சரிந்து களனி கங்கைக்கு வழிவிடும் மடிப்பில் இருக்கிறது பொல்பிட்டிய. மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் மேலே தனித்தனியாக மின்சாரம் சுழற்றிவிட்டு லக்ஷபானக் குளத்தில் ஒன்றுசேர்கின்றன. அங்கிருந்து சுரங்கத்துக்குள் பாய்ந்து, பொல்பிட்டிய மின்நிலையத்தில் இன்னொரு முறை சுழற்றுகின்றன. 1969இல் இயங்கத் தொடங்கிய நிலையம் அது. தொடக்கத்தில் 75 மெகாவாட். அரசாங்கக் கோப்புகளில் அதன் பெயர் சமனல.

அந்தத் தண்ணீரைத் தேக்கி வைக்கத்தான் மேலே மவுஸ்ஸாகலை அணை எழுந்தது. அணைக்குப் பின்னால் பள்ளத்தாக்கு நிரம்பியது. பழைய மஸ்கெலியா நகரம் முழுதாக உள்ளே போனது. கடும் வறட்சி வரும் ஆண்டுகளில் தண்ணீர் வற்றி, பழைய கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேற்றிலிருந்து தலைகாட்டும். அப்போது அட்டன் பக்கத்திலிருந்து வேன் பிடித்துப் போய்ப் பார்ப்பவர்கள் உண்டு. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் காசல்ரீயிலும் இதே கதைதான். தேயிலை நின்ற சரிவுகள் தண்ணீருக்குள் போயின. நாட்டுக்கு மின்சாரம் வேண்டும், நிலம் கிடைத்தது.

இதைவிடக் கசப்பான ஒன்று இருக்கிறது. பொல்பிட்டியவிலிருந்து புறப்பட்ட கம்பிகள் தேயிலை மலைகளின் தலைக்கு மேலாகக் கொழும்புப் பக்கம் போயின. கம்பிகளுக்குக் கீழே, தோட்டத் தொழிலாளர் வரிசை வரிசையாகக் குடியிருந்த லயங்களில் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் குப்பி லாம்புதான்.

பேராதனையையும் சொல்லிவிடுகிறேன். 1952இல் பல்கலைக்கழகம் அங்கே குடிவந்தபோது, தோட்டமாக இருந்த நிலத்தில் மாணவர்களுக்கென்று பெரிய பெரிய விடுதிகள் கட்டப்பட்டன. இராமநாதன், அருணாசலம் என்று நம்மவர் பெயர்களும் வைக்கப்பட்டன. நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். மலைநாட்டில் நிலம் தேவைப்பட்டபோதெல்லாம் கிடைத்தது என்பதற்காகத்தான் சொல்கிறேன். அணைக்குக் கிடைத்தது, விடுதிக்குக் கிடைத்தது, 1977இல் வெளியாருக்குப் பகிரவும் 7,000 ஏக்கர் கிடைக்க இருந்தது.

கிடைக்காமல் போனது யாருக்கு?

*

அந்தப் பதிலுக்குப் போகுமுன் நகரத்தில் ஒரு குடியிருப்புத் தெருவை எடுத்துக்கொள்வோம். சென்னையோ கொழும்போ கண்டியோ, எதுவானாலும் சரி. பக்கத்து வளவில் மாணவர்களுக்கு அறைகள் வாடகைக்கு விடுவதற்கென்று ஆறு மாடி எழும்பப்போகிறது என்று தெரிந்தால் தெருவே கூடும். தண்ணீர் போதாது, கழிவுநீர் தாங்காது, மோட்டார் சைக்கிள் சத்தம் என்று காரணங்கள் வரும். சில காரணங்கள் நியாயமாக இருக்கும், சிலவற்றில் கொஞ்சம் வஞ்சகம் இருக்கும். எப்படியானாலும் அவர்கள் மனுக் கொடுக்கலாம், நகர சபைக்குப் போகலாம், வழக்கும் போடலாம். எதிர்ப்பவர் ஒவ்வொருவர் வீட்டு அலுமாரியிலும் ஓர் உறுதிப் பத்திரம் இருக்கிறது. அந்தக் காகிதம் இருப்பதால்தான் அவர்கள் குரலுக்கு ஒரு விலாசம்.

தோட்ட மக்களை மாடி வீடுகளில் குடியிருத்தும் திட்டத்துக்கு மலையகத்தில் நடந்த எதிர்ப்பு அப்படியே தலைகீழ். அங்கே அடுக்கி வைக்கப்பட இருந்தவர்கள் வேறு யாரோ அல்ல, அவர்களேதான். “எங்களை அடுக்காதே” என்று சொல்ல வேண்டியவர்களிடம் நிற்கும் மண்ணுக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. பிரதேச சபைக்கும் போக முடியாது: 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதைக் காட்டித் தோட்டத்துக்குள் சபை காசு செலவழிக்க முடியாது என்று சொல்லிவிடுவார்கள். அது திருத்தப்பட்டது 2018இல்தான். வாக்குப் போட்டுச் சபையைத் தெரிவு செய்தவர்களின் லயத்துப் பாதைக்கு அந்தச் சபை ஒரு வண்டிக் கல் போட முடியாமல் முப்பது ஆண்டு போனது.

அப்படியானால் இவர்கள் எதை வைத்து எதிர்த்தார்கள்? அதைப் பார்ப்பதற்கு முன் லயத்துக்குள் ஒருமுறை நுழைய வேண்டும்.

*

பத்தடிக்குப் பன்னிரண்டடி, 120 சதுர அடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு, உள்ளே ஒரு காம்பரா, பின்னால் ஒட்டிக் கட்டிய குசினி. ஒற்றை லயமானால் இவ்வளவு. இரட்டை லயமானால் முதுகோடு முதுகாக இன்னொரு வரிசை. பின்கதவும் கிடையாது, காற்றும் கிடையாது. இந்தக் காம்பராவில்தான் கோப்பிக் காலத்திலிருந்து கல்யாணமும் காய்ச்சலும் ஓ.எல். படிப்பும் நடந்திருக்கின்றன.

கூரையைக் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். பத்து வீட்டுக்கும் பன்னிரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே நீளத் தகரம். பல லயங்களில் நடுச்சுவர் கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் புருஷன் பெண்சாதி பேசிக்கொள்வது மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும். ஒரு வீட்டில் மின்சாரம் ஒழுகித் தீப்பிடித்தால் அந்தச் சுவர்த் தலைப்பின் இடைவெளியால் நெருப்பு ஓடி, தண்ணீர் பிடித்து வருவதற்குள் வரிசை முழுவதும் போகும். லயத்தில் தீ, இருபது குடும்பம் நடுத்தெருவில் என்று பத்திரிகையில் வருவது இந்தக் கூரையால்தான்.

ஆனாலும் லயத்துக்கு ஒரு வாசல் இருக்கிறது. வாசலுக்கு எதிரே முழ அகலத்தில் மண் இருக்கிறது. அதில் நாலு கறிவேப்பிலைக் கன்று, ஒரு பூசணிக்கொடி, ஒரு துளசி. பின்னால் கோழிக்கூடு, சிலருக்கு மாட்டுப் பட்டி. மலையிலிருந்து இறங்கும் பெண் முதுகுக் கூடையை இறக்கி, இடுப்புப் படங்கை அவிழ்த்து உதறி, ஈரம் சொட்டச் சொட்ட விறகுக் கட்டைச் சாய்த்து வைக்க ஓர் இடம் இருக்கிறது. பெரிய பிள்ளையானால் பச்சை ஓலை கட்ட, செத்த வீடானால் பாடை கட்ட, மாரியம்மன் திருவிழாவுக்குப் பந்தல் போட, எல்லாவற்றுக்கும் அந்த வாசல் மண்தான். அது சொந்தமல்ல, துரை சொன்னால் பறிபோகும். ஆனால் கால் படுகிற மண்.

1992இல் தோட்டங்கள் தனியார் கம்பனிகளின் கைக்குப் போயின. இருபத்திரண்டு பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள். நிலம் அரசாங்கத்துடையதாகவே இருந்தது. கம்பனிகளுக்கு 53 ஆண்டுக் குத்தகை. தொழிலாளர் நலனுக்கென்று அரசாங்கமும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து ஒரு நிதியம் அமைத்தார்கள். மக்கள் வாயில் அது வெறும் “ட்ரஸ்ட்”.

லயத்துக்கு வெளியே தனி வீடு என்ற ஆசை பரவலாகக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது இந்தக் காலத்தில்தான். ஏழு பேர்ச்சஸ் காணியை அடையாளம் காட்டினார்கள். கடன் கொடுத்தார்கள். கடன் மாதாமாதம் சம்பளத்தில் வெட்டப்பட்டது. கல் சுமந்து, மண் வெட்டி, ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்று கட்டிய வீடுகள் அவை. கடன் கட்டி முடித்த பிறகும் பலர் கைக்கு உறுதி வரவில்லை. வீடு அவருடையது, சுவர் அவருடையது, கடன் சீட்டு அவருடையது, கீழே உள்ள மண் மட்டும் குத்தகைக்காரருடையது.

சில தோட்டங்களில் இன்னொரு வகையும் முளைத்தது. கீழே ஒரு குடும்பம், மேலே ஒரு குடும்பம். இரண்டு தட்டு. மக்கள் ஒரு நாள்கூட யோசிக்காமல் அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: மாடி லயம்.

*

2013 நவம்பர் 21. பாராளுமன்றத்தில் வரவு செலவுத் திட்ட உரை. நிதியமைச்சரும் ஜனாதிபதியும் ஒருவரே, மஹிந்த ராஜபக்ஷ. அந்த உரையில் தோட்டத்துக்கு ஒரு செய்தி இருந்தது: லயங்களுக்குப் பதிலாக 50,000 வீடுகள்.

அப்போதிருந்த லயக் குடும்பங்களின் தொகைக்கு அது போதாது என்றாலும் சின்ன எண் அல்ல. முதலில் சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. பிறகுதான் விபரம் இறங்கியது. தனித்தனி வீடு அல்ல, மாடி வீடு.

திட்டம் போட்டவர்களிடம் காரணம் இருந்தது. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மலைச் சரிவில் தட்டையான நிலம் குறைவு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வீடு என்றால் தேயிலையைப் பிடுங்க வேண்டும். பாதை, தண்ணீர்க் குழாய், மலசலகூடக் குழி எல்லாம் வீட்டுக்கு வீடு நீளும். செலவு ஏறும். கொழும்பில் ஏழைகளை அடுக்குமாடிக்கு மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. அந்த வரைபடம் மலைக்கும் பொருந்தும் என்று யாரோ நினைத்திருக்க வேண்டும்.

எதிர்ப்பு வந்த விதம் கவனிக்கத்தக்கது. தொழிற்சங்கங்களிடம் ஒரே குரல் இல்லை. முன்னுக்கு நின்றவர்கள் ஆசிரியர்கள், எழுத்தாளர்கள், பாதிரிமார், தோட்டத்திலிருந்து படித்து வெளியேறிய இளைஞர்கள், சிவில் அமைப்புகள். கூட்டங்கள், கையெழுத்து, பத்திரிகைக் கட்டுரை, துண்டுப் பிரசுரம். கோரிக்கை ஒன்றுதான்: காணியோடு கூடிய தனி வீடு. அளவில் மட்டும் பேதம். ஏழு பேர்ச்சஸ் போதும் என்றவர்களும் இருந்தார்கள், இருபதுக்குக் குறைந்தால் அது வீடல்ல, விரிவாக்கிய காம்பரா என்றவர்களும் இருந்தார்கள்.

கேலி செய்தவர்களும் உண்டு. “கொழும்பில் கோடி கொடுத்து மாடியில் வீடு வாங்குகிறார்கள், இவர்களுக்கு மட்டும் படி ஏறக் கால் வலிக்கிறதா?”

கேள்வி கூர்மையாகத்தான் இருக்கிறது. கொழும்பில் மாடி வீடு வாங்குகிறவருக்கு உறுதி கிடைக்கிறது. 1973ஆம் ஆண்டின் மாடி வீட்டு உரிமைச் சட்டம் அதற்காகவே இருக்கிறது: கட்டடத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் தனி உரித்து, நிலத்தில் பொதுப் பங்கு. தோட்டத்தில் நிலம் அரசாங்கத்துடையது, குத்தகை கம்பனியுடையது. அந்த முடிச்சை அவிழ்க்காமல் மேலே ஒரு தட்டைக் கட்டிக் குடியிருத்தினால், மேல் தட்டில் இருப்பவருக்கு எதன் மேல் உரித்து எழுதுவது? அந்தரத்திலா?

எதிர்த்தவர்கள் பயந்தது படிக்கட்டுக்கு அல்ல. தனி வீடானால் இன்றைக்கு உறுதி இல்லாவிட்டாலும் நாளைக்குக் கேட்கலாம்: இந்த வேலிக்குள் இருக்கிற மண் எனக்கு. மாடியில் வேலியே இல்லை. இன்னொரு ஐம்பது ஆண்டுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க முடியாதபடி செய்துவிடலாம். குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்தால்தான் காம்பரா நிலைக்கும் என்பது அதுவரை எழுதாத சட்டம். பெற்றோர் ஓய்வு பெற்று, மகன் கொழும்பில் கடையில் நின்று, மகள் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டால், “பேர் இல்லாத வீடு” என்று ஒரு நாள் ஆள் வரும். மாடி லயம் அந்தக் கட்டை உடைக்காமல் அதற்கு இன்னொரு தட்டு ஏற்றியது என்பதே என் வாசிப்பு.

வாழ்க்கைச் சிக்கல்களும் கற்பனை அல்ல. மேல்வீட்டுக் குசினியிலிருந்து ஒழுகினால் யார் செலவு? விறகடுப்பு எரிக்கிற குடும்பம் மேல்மாடியில் எப்படிச் சமைப்பது, புகை எந்த வழியால் போவது? மாடு எங்கே? பிணத்தைப் பெட்டியோடு திருப்பப் படிக்கட்டு முனையில் இடம் உண்டா? வரைபடம் கீறியவர்கள் இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டிருந்தால் பாதி விவாதம் அங்கேயே முடிந்திருக்கும்.

“நிலம் இல்லை” என்ற பேச்சுக்கு வருவோம். ஒரு பேர்ச்சஸ் ஏறக்குறைய 272 சதுர அடி. ஏழு பேர்ச்சஸ் என்றால் 1,900 சதுர அடியை ஒட்டி வரும். 50,000 குடும்பத்துக்கு அது 3,50,000 பேர்ச்சஸ். ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ் வீதம் பார்த்தால் 2,200 ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. பாதையும் சேர்த்தால் கூடும், இரட்டிப்பாகவே வைத்துக்கொள்வோம். 1977இல் ஒரே மாவட்டத்தில் வெளியாருக்குப் பகிர எடுக்கப்பார்த்தது 7,000 ஏக்கர். அந்த 50,000 வீடுகளுக்கும் தேவைப்பட்டதைவிட அது அதிகம்.

கணக்கு இவ்வளவு எளிதாக இருந்தும் 2014 முழுக்க விவாதம் இழுபட்டது. மாடியா தனியா, ஏழா இருபதா, நிதி எங்கே, யார் கட்டுவது. அடிக்கல் பேச்சு ஒரு பக்கம், அறிக்கைப் போர் ஒரு பக்கம். ஒக்டோபர் வந்தது. வடகீழ்ப் பருவத்துக்கு முந்திய இடைப்பருவ மழை ஊவாப் பக்கத்தில் விடாமல் ஊற்றியது.

*

கொஸ்லந்தை. பதுளை மாவட்டத்தின் தெற்கு ஓரம். மலைக்கு மேலே ஏறினால் மீரியபெத்தை. பொல்பிட்டியவிலிருந்து பார்த்தால் மலைத்தொடரின் மறுகோடி. ஆனால் லயம் எங்கும் ஒரே லயம்தான்.

2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை. காலை ஏழரையை ஒட்டிய நேரம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கிளம்பிவிட்டார்கள். வேலைக்குப் போகிறவர்கள் போய்விட்டார்கள், போகாதவர்கள் வீட்டில். மேலே மலை நகர்ந்தது.

லயங்கள் இருந்த இடம் மண் மேடாகியது. கோவில் போனது. காலையில் சீருடை போட்டுவிட்ட தாய் தகப்பனை மாலையில் தேடிய பிள்ளைகள் இருந்தார்கள். பல உடல்கள் கடைசிவரை எடுக்கப்படவில்லை. எத்தனை பேர் என்பதில் முதல் நாட்களில் நூற்றுக்கணக்கில் சொல்லப்பட்ட எண்ணிக்கை பிறகு இறங்கிக்கொண்டே வந்தது. எண்ணிக்கையில் இவ்வளவு குழப்பம் ஏன் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. வீட்டுக்கு இலக்கமோ தெருவுக்குப் பெயரோ இல்லாத இடத்தில், எந்தக் கூரைக்குக் கீழே யார் இருந்தார் என்று சொல்லக்கூடியவர்கள் அந்தக் கூரைக்குக் கீழேயே இருந்தவர்கள்தான்.

(ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, 2020 ஓகஸ்ட் 6ஆம் தேதி இரவு, கேரளத்தின் மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் இதே காட்சி. அங்கேயும் தேயிலை, அங்கேயும் தமிழர், அங்கேயும் பெயர் லயம். எழுபது பேர். அதைத் தனி அத்தியாயமாக எழுத வேண்டும்.)

மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்த அதே வாரத்தில் இன்னொன்று மேலே வந்தது. மலை சொல்லாமல் கொள்ளாமல் வரவில்லை. மீரியபெத்தை ஆபத்தான இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தது. 2005இல் ஒரு முறை, 2011இல் மறுபடி. மக்களை அங்கிருந்து எழுப்பச் சொன்னது.

எழும்பி எங்கே போவது? காணி வாங்கக் காசில்லை, காணி கொடுக்க ஆளில்லை, காம்பராவை விட்டால் பெயர் போகும்; பெயர் போனால் திரும்பி வரக் காம்பராவும் இருக்காது. மாடியா தனியா என்று ஓர் ஆண்டு வாதாடியவர்கள் எல்லோரும் இப்போது வேறொரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது: அந்த எச்சரிக்கை முதலில் யார் மேசைக்கு வந்தது, அங்கிருந்து எந்த மேசைக்குப் போனது, யார் கையொப்பத்தோடு நின்றது?

அரசாங்கமா, கம்பனியா, ட்ரஸ்ட்டா, தொழிற்சங்கமா? ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டிக்கொண்டிருந்தபோது, நவம்பர் 20ஆம் தேதி கொழும்பிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. ஜனாதிபதித் தேர்தல். மலையகத்தின் வாக்கு இரண்டு பக்கத்துக்கும் தேவை. ஏழு பேர்ச்சஸ் என்ற சொல் திடீரென்று மேடைகளில் ஏறியது.

மேடையில் ஏறிய ஏழு பேர்ச்சஸ், உறுதிப் பத்திரத்தில் இறங்கியதா?

(தொடரும்)